குடிக்காமல் வைத்த கோப்பி

கண்டியில் இப்போது மந்தி என்கிற அரபுச் சோறு விற்காத கடை என்றால் அது புடவைக் கடையாகத்தான் இருக்கும். பிலிமத்தலாவையிலிருந்து டவுனுக்கு வரும்போது பஸ் யன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். ஒட்டகம், பேரீச்ச மரம், பல் தெரியச் சிரிக்கும் ஷேக் என்று பலகைக்குப் பலகை படம். உள்ளே போனால் மஞ்சள் தூக்கலான நெய்ச்சோறு, அதன் மேல் பொரித்த கோழிக்கால், பக்கத்தில் மயோனைஸ். அரபி யாராவது பார்த்தால், இது எந்த நாட்டுச் சாப்பாடு என்று ஆவலோடு விசாரிப்பார். நான் குறை சொல்ல வரவில்லை. நானும் வாங்கிச் சாப்பிடுகிறவன்தான்.

போன மாதம் என் மருமகன் தான் வேலை செய்யும் ஹோட்டலுக்கு என்னைக் கூட்டிப்போனார். பரிமாறும் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். ஏலக்காய்க் கோப்பியைக் கடதாசிக் கப்பில் விளிம்பு வரை ஊற்றிக் கையில் தந்துவிட்டு, ஒரு பிள்ளை கேட்டது: "அங்கிள், அரபு உபசரிப்புன்னா என்னான்னு ஒரே வரியில சொல்லுங்களேன். போன்ல ஸ்டேட்டஸ் போடணும்."

ஒரே வரியில் சொல்ல அது என்ன சாப்பாட்டு விலையா? அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு மனம் கேட்கவில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதிவிடுகிறேன்.

நான் கலஹாப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. மலையில் தேயிலை வேலைக்குப் போகாமல் தப்பிக்க வளைகுடாவுக்குப் போனேன். அங்கே கட்டட வேலையாட்களின் முகாமில் சமையல் உதவி. அந்த அடுப்படியில் வெந்தது பருப்பா நானா என்று பிரித்துச் சொல்ல முடியாது. சாமான் கொண்டுவரும் லொறிச் சாரதிகளோடு சண்டை பிடித்தே அரபு படித்தேன். அதனால் என் அரபில் மரியாதைச் சொற்களைவிட மூட்டை, வெங்காயம், நாளைக்கு என்ற சொற்களே அதிகம். ஓர் அரபியின் வீட்டுக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை.

திரும்பி வந்து சும்மா இருந்தபோது, அம்பிட்டிய பாதையில் ஒரு முதலாளி அரபுச் சாப்பாட்டுக் கடை திறக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். அவரை எல்லாரும் ஹாஜியார் என்றே கூப்பிடுவோம். நேரில் போய் நாலு வார்த்தை அரபில் பேசிக் காட்டினேன். வெங்காய விலைதான் பேசினேன், ஆனாலும் ஹாஜியார் அசந்துபோனார். பரிமாறுபவர்களுக்குத் தலைவனாக அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்.

மலைச்சரிவில் பழைய பங்களா ஒன்றைக் கடையாக மாற்றியிருந்தார்கள். மேசை கதிரை முன்பக்கம் மட்டும்தான். உள்ளே தரைவிரிப்பு, சாய்ந்துகொள்ளத் திண்டு, குடும்பத்தோடு வருகிறவர்களுக்குத் திரை போட்ட அறைகள். வளைகுடாக்காரர்கள் வந்து குவிந்தது நாங்கள் வெறுக்கும் ஒன்றைப் பார்க்க: மழை. நம் ஆட்கள் மழை வந்தால் யன்னலைச் சாத்துவார்கள். அவர்கள் மழை வந்தால் யன்னலைத் திறக்கச் சொல்வார்கள். ஆடு அப்படியே ஆறிக் கிடக்க, தகப்பனும் பிள்ளைகளும் முற்றத்தில் நின்று நனைவார்கள். நான் குடையோடு பின்னால் ஓடினால் கோபித்துக்கொள்வார்கள். காசு கொடுத்து வந்து நனைகிறவர்களுக்குக் குடை பிடிப்பது பெரிய குற்றம் என்று பிறகுதான் புரிந்தது.

எங்கள் தலைமைச் சமையல்காரர் ஜோர்தான் நாட்டுக்காரர். பெயர் அபூ நாசர். நாங்கள் மாஸ்டர் என்போம். பெரிய உடம்பு, நரைத்த மீசை, சமையலறையில் சத்தம் போடாத மனிதர். பிடிக்காததைக் கண்டால் தாடையைக் கொஞ்சம் மேலே தூக்கி, நாக்கால் 'ச்சு' என்று ஒரு சத்தம். அதற்குமேல் பேச்சில்லை. அந்தச் 'ச்சு'வுக்குப் பயந்து நாலு பேர் வேலையை விட்டுப் போனார்கள்.

வந்தவுடன் பின்பக்கம் ஆளுயரக் குழி தோண்டச் சொன்னார். அடியில் கரி, மேலே மசாலாப் பூசிய ஆடு, அதற்கு மேல் மூடி, மூடிக்கு மேல் மண். அவருடைய நாட்டுப் பாலைவனத்தில் அப்படித்தான் சுடுவார்களாம். அம்பிட்டிய பாலைவனம் இல்லை என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. முதல் வாரமே கொட்டிய மழையில் குழி கிணறானது. ஆட்டுக்குப் பதிலாக உள்ளே ஒரு தவளைக் குடும்பம் இருந்தது. மாஸ்டர் குனிந்து பார்த்து 'ச்சு' என்றார். தவளைகள் கேட்கவில்லை. பிறகு தகரக் கூரை போட்டு, சுற்றிவரக் கால்வாய் வெட்டினோம்.

என்னை அவர் திருத்தியது கோப்பியில்தான். மூக்கு நீண்ட பித்தளைக் கூசா, அதற்குத் தல்லா என்று பெயர். அது இடது கையில். கைப்பிடி இல்லாத சின்னக் கோப்பைகள் வலது கையில். மூத்தவருக்கு முதலில். ஊற்றுவது கோப்பையின் அடிப்பக்கம் மட்டும், இரண்டு மிடறு. விருந்தாளி கோப்பையை லேசாக ஆட்டிக் காட்டும்வரை திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டும். சீனி கூடாது. இதெல்லாம் தெரியாத நான் முதல் நாள் ஒரு பெரியவருக்கு விளிம்பு வரை ஊற்றிவிட்டேன். எங்கள் தோட்டத்து லயத்தில் யாருக்காவது அரைக் கோப்பைத் தேத்தண்ணி கொடுத்துப் பாருங்கள், மூன்று தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள். அந்தப் பெரியவரோ கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிள்ளைகளை எழுப்பத் தொடங்கினார்.

மாஸ்டர் ஓடி வந்து சமாதானம் சொன்னார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நிறைய ஊற்றினால், குடித்துவிட்டுப் புறப்படு என்று அர்த்தம்" என்றார்.

"எங்க பக்கம் அது மரியாதைங்க" என்றேன், என் லொறி அரபில்.

"உங்கள் பக்கத்தில் நான் குடிக்கும்போது பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

இனி இறைச்சிக்கு வருகிறேன். கடைக்கு ஆட்டிறைச்சி தருகிறவர் ஹனீபா நானா. டவுன் மார்க்கட்டில் கடை, பிலிமத்தலாவையில் வீடு. தினமும் காலையில் அவரே வேனில் கொண்டுவருவார். மாஸ்டர் கை கழுவிக்கொண்டு வந்து நிற்பார். விரலால் தொடையை அழுத்தி, பள்ளம் எவ்வளவு நேரத்தில் மீள்கிறது என்று பார்ப்பார். விலா எலும்பைத் திருப்பி நிறம் பார்ப்பார். சிவந்திருந்தால் இளசு, வெளுத்திருந்தால் கிழடு. கடைசியில் மூக்கைக் கொண்டுபோவார். அவருக்கு வேண்டியது வால் கொழுத்த செம்மறிக் குட்டி. கண்டியில் கிடைப்பது மலையேறி மலையேறிக் கால் இறுகிப்போன வெள்ளாடு. பார்த்து முடித்ததும் அவர் ஏதாவது சொல்வார். மொழிபெயர்ப்பது என் வேலை.

"இந்த ஆட்டுக்குப் பேரப்பிள்ளைகள் இருந்திருக்கும்" என்பார் மாஸ்டர்.

"மாஸ்டரு ஒங்க சுகம் விசாரிக்கிறாரு நானா" என்பேன் நான்.

"சுகம் விசாரிக்கிற எண்டா ஏன் இப்பிடி மூஞ்சைய வெச்சிக்கிற?" என்பார் ஹனீபா நானா.

இப்படி வருடக்கணக்கில் இரண்டு பேரையும் நான் சமாளித்து வந்தேன். கண்டியில் அதைவிட நல்ல இறைச்சி கிடைக்காது என்று மாஸ்டருக்குத் தெரியும். மாஸ்டரைவிடப் பெரிய வாடிக்கை கிடைக்காது என்று நானாவுக்குத் தெரியும். ஆகவே ஒவ்வொரு காலையும் சண்டை, ஒவ்வொரு காலையும் வியாபாரம்.

மாஸ்டருக்கு அடுத்தபடியாக அடுப்பில் நின்றவன் ரிஸ்வான். அநாதை இல்லத்தில் வளர்ந்தவன். உம்மா வாப்பா முகம் தெரியாது. முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தான். சோற்றுக் கிடாரத்தைத் தட்டில் கவிழ்க்கும்போது ஒரு பருக்கை வெளியே சிந்தாது. மறுநாள் இறைச்சிக்கு மாலையில் போன் எடுத்துச் சொல்வது அவன் பொறுப்பு. அந்தப் பக்கம் போனை எடுப்பது ஹனீபா நானாவின் மகள் பாஹிமா. முன்தொடை இவ்வளவு, பின்தொடை இவ்வளவு என்று சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? நாளாக நாளாக அந்த ஓர்டர் நீண்டுகொண்டே போனது. ஒருநாள் ரிஸ்வான் சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டு, இறைச்சி சொல்ல மறந்துபோய்த் திரும்ப எடுத்தான். எனக்கு விளங்கிவிட்டது.

அவனாகவே ஒரு மத்தியானம் வந்து நின்றான். "தங்கராஜ் அண்ணே, அவங்கட வீட்டுல வேற இடம் பாக்குறாங்களாம். எனக்காக பேசப் போறத்துக்கு ஆள் இல்ல. மாஸ்டர்கிட்ட கேட்டுப் பாருங்களேன்."

பெண் கேட்கப் போவதென்றால் மாப்பிள்ளைப் பக்கத்தில் பெரியவர்கள் வேண்டும். ரிஸ்வானுக்கு இருந்த பெரியவர்கள், பெண்ணின் தகப்பனுடைய ஆட்டைத் தினமும் பழிக்கிற ஒருவரும், அதைப் பொய்யாக மொழிபெயர்க்கிற ஒருவனும்தான். ஹாஜியாரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். "எனக்கு அவரோட வியாபாரம், ஒங்கட மாஸ்டரோட சமையல். ரெண்டுக்கும் நடுவுல நிக்க என்னால ஏலா" என்று கையைக் கழுவிவிட்டார்.

மாஸ்டரிடம் சொன்னபோது அவர் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டு ரிஸ்வானைத் தனியே கூட்டிப்போய், அவனுக்குத் தெரிந்த அடுப்படி அரபில் ஏதோ பேசினார். வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து வந்தவர், நான் அதுவரை கண்டிராத வெள்ளை அங்கியும் தலைத்துணியும் போட்டுக்கொண்டு என்னோடு கடை வேனில் ஏறினார். ரிஸ்வான் வரக்கூடாதென்று சொல்லிவிட்டார். அவன் அடுப்படியிலேயே நின்றான். பிலிமத்தலாவை போகும்வரை எனக்கு ஒரே கவலை: பெண் கேட்கப் போன இடத்தில் இந்த மனிதர் 'ச்சு' என்று சொல்லிவிடக்கூடாதே.

ரிஸ்வானுக்காக வருகிறோம் என்று முன்னமே சொல்லியிருந்தேன். ஹனீபா நானா வாசலுக்கு வந்து கூட்டிப்போனார். முகம் இறுகித்தான் இருந்தது, ஆனாலும் குறை வைக்கவில்லை. தொதல், வட்டிலப்பம், அவித்த மரவள்ளி, கட்டச்சம்பல் எல்லாம் மேசையில் இருந்தன. அரபி வருகிறார் என்பதால் தேத்தண்ணிக்குப் பதிலாகக் கோப்பி. பெரிய கோப்பை, விளிம்பு வரை, பாலும் இஞ்சியும் சீனியும் தாராளமாக. மாஸ்டர் கோப்பையை வலது கையால் வாங்கினார். நன்றி சொன்னார். வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே மேசையில் வைத்தார்.

நானா கோப்பையைப் பார்த்தார்.

"சீனி கொறவா?" என்றார் என்னிடம்.

நான் மாஸ்டரின் பக்கம் சாய்ந்து அரபில் கெஞ்சினேன். "மாஸ்டர், இங்கே நிறைய ஊற்றினால் மரியாதை. போகச் சொல்லவில்லை. ஒரு மிடறாவது குடியுங்கள்."

"அது எனக்குத் தெரியும்" என்றார்.

"பிறகு?"

"கேட்க வந்தவன் குடிப்பதில்லை. என்ன வேண்டும் என்று அவர் கேட்க வேண்டும். தருகிறேன் என்றால் குடிப்பேன்."

இதற்குள் ஹனீபா நானா எழுந்துவிட்டார். "தங்கராஜ் தம்பி, நான் ஒண்டு கேக்குறன். இவரு எண்ட ஆட்டத்தான் தொட்டுப் பாத்து மூஞ்சைய சுளிக்கிற. எண்ட ஊட்டுத் தண்ணியையும் அப்பிடியா? இதுக்கா உடுப்பெல்லாம் போட்டுக்கிட்டு வந்த?"

அந்த நேரத்தில் எனக்குச் சட்டென்று உறைத்தது. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? எங்கள் ஆட்களும் பெண் கேட்கப் போனால், விஷயம் முடிவாகாமல் அந்த வீட்டில் கை நனைக்கமாட்டார்களே. என் மாமனார் வீட்டில் எங்கள் பெரியப்பா இட்ட இலைக்கு முன்னால் உட்கார்ந்து, 'மொதல்ல பேச்சு முடியட்டும்' என்று மீசையை நீவியது கண்ணுக்குள் வந்தது.

"நானா, உக்காருங்க" என்றேன். "இது அவமரியாத இல்ல. எங்க சனமும் பேச்சு முடியாம பொண்ணு வீட்டுல கை நனைக்கமாட்டோம். அவங்க ஊர்லயும் அதேதான். நீங்க குடுக்குறேன்னு சொன்னா குடிப்பாரு. இல்லேன்னா அப்பிடியே வச்சிட்டுப் போயிருவாரு."

நானா மெல்ல உட்கார்ந்தார். கோபம் போய், அந்த இடத்தில் தகப்பனின் கவலை வந்தது. அது கோபத்தைவிடப் பயமாக இருந்தது.

"பொடியன் கெட்டவன் எண்டு நான் சொல்லல்ல" என்றார். "ஆனா ஆரு எவரு எண்டு தெரியாது. நாளைக்கு ஒண்டு நடந்தா நான் ஆருட ஊட்டுக் கதவத் தட்டுற? ஒரு வாப்பா ஈக்கா, ஒரு மாமா ஈக்கா? அவனுக்கு ஆரு சாட்சி?"

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு மாஸ்டர் நெஞ்சில் கை வைத்தார். "நான்" என்றார். "என் அடுப்பில் நிற்கிறான். என் சாவி அவனிடம் இருக்கிறது. என் மகனுக்குச் சொல்வதை அவனுக்கும் சொல்வேன். கதவு தட்ட வேண்டுமென்றால் என் கதவைத் தட்டட்டும்."

இதை நான் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

ஹனீபா நானா தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு முன்னால் குனிந்தார்.

"நல்லம். இவருட சொல்ல நம்பித்தானே நான் புள்ளயக் குடுக்கணும்? அப்ப எனக்கு ஒண்டு சொல்லட்டும். எண்ட இறைச்சி நல்லம் எண்டு ஒரே ஒரு தரம் சொல்லச் சொல்லுங்க. இவ்வளவு காலம் அவருட வாயால நான் அதக் கேக்கல்ல. சொன்னா இப்பவே சரி."

எனக்கு உயிர் வந்தது. இவ்வளவுதானே? ஒரு பொய், அதுவும் ஆட்டைப் பற்றி. அப்படியே மாஸ்டருக்குச் சொன்னேன். சொல்லிவிட்டு, கண்ணாலும் கெஞ்சினேன்.

மாஸ்டர் கோப்பையைப் பார்த்தார். மேலே ஆடை படிந்திருந்தது. அவருடைய நெற்றி வியர்த்ததை நான் பார்த்தேன். குழிக்குள் இறங்கி நெருப்பு மூட்டும்போதுகூட அப்படி வியர்த்ததில்லை. பிறகு தாடை மெல்ல மேலே போனது.

"ச்சு."

உலகத்தில் எந்த மொழிக்காரனுக்கும் அதை விளக்கத் தேவையில்லை. ஆனாலும் நான் வாயைத் திறந்தேன். பழக்க தோஷம்.

"நீங்க சும்மா ஈங்க தம்பி" என்றார் நானா. "சுகம் விசாரிச்சது போதும்."

மாஸ்டர் தாழ்ந்த குரலில் ஏதோ சேர்த்துச் சொன்னார். நானா என்னைப் பார்த்து, "சீனி போடாமச் சொல்லுங்க" என்றார்.

"நிறுவையில ஒரு நாளும் குறைஞ்சதில்லையாம். சுத்தத்துலயும் குறையில்லையாம்" என்றேன். மிச்சத்தைத் தரையைப் பார்த்துச் சொன்னேன். "ஆனா ஆடு கெழடாம்."

ஹனீபா நானா எழுந்து திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. பெண் குரல் ஒன்று, பிறகு இன்னொன்று. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "ஒரு வார்த்தை, மாஸ்டர். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன். அவர் இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதிய பிள்ளைபோல உட்கார்ந்திருந்தார். ரிஸ்வானிடம் போய் என்ன சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

நானா திரும்பி வந்தார். உட்காரவில்லை.

"மகள்கிட்ட கேட்டன்" என்றார். "அவ சொல்றா, ரிஸ்வானும் போன்ல ஒருநாளும் இறைச்சி நல்லம் எண்டு சொன்னதில்லயாம். 'வாப்பாட ஆடு முத்தல் எண்டு என்கிட்டயே சொல்றாரு' எண்டு சிரிக்கிறா." அவருடைய உதடு துடித்தது, சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. "பொண்ணு கேக்க வந்த இடத்துலயும் எண்ட ஆட்ட நல்லம் எண்டு சொல்லாத மனிசன், ஒரு பொடியன நல்லவன் எண்டு சொன்னா நான் அத நம்பாம வேற ஆர நம்புற? குடிக்கச் சொல்லுங்க தம்பி. ஆறிப் போன கோப்பி."

நான் மொழிபெயர்த்து முடிக்கும் முன்பே மாஸ்டர் கோப்பையை எடுத்துவிட்டார். அந்தச் சீனித் தண்ணியை, ஆடையோடு, அடிமண்டி தெரியும்வரை குடித்தார். சீனி போட்ட கோப்பி அவருக்கு விஷம். குடித்துவிட்டு மீசையைத் துடைத்தபோது அவருடைய கண் கலங்கியிருந்தது. நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன், எனக்கும் அதே நிலைமை. பிறகு வட்டிலப்பம் வந்தது, மரவள்ளி வந்தது. மாஸ்டர் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார்.

கடைக்குத் திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. மாஸ்டர் உடுப்பு மாற்ற மாடிக்குப் போய்விட்டார். நான் அடுப்படிக்குப் போனேன். ரிஸ்வான் கிடாரத்துக்கு முன்னால் எனக்கு முதுகைக் காட்டி நின்றான். என்ன சொன்னார்கள், யார் யார் இருந்தார்கள் என்று எதுவும் கேட்கவில்லை. என்ன கேட்க வேண்டும் என்று மாஸ்டர் அவனிடம் முன்னமே சொல்லி வைத்திருக்கிறார். அவன் திரும்பாமலே கேட்டது ஒன்றுதான்.

"அண்ணே, மாஸ்டர் கோப்பி குடிச்சாரா?"

"முழுசா குடிச்சாருடா" என்றேன்.

அகப்பையைக் கீழே வைத்தான். அடுப்பைத் தணித்தான். அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து, ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டான்.